வீட்டு வரி ரசீது யார் பெயரில் இருக்கிறது?

"உங்க வீட்டு வரி நம்பர் என்னம்மா?"

இப்படி ஒரு கேள்வியை யாராவது திடீரென்று கேட்டால் உங்களில் எத்தனை பேர் உடனே பதில் சொல்லுவீர்கள், சகோதரிகளே? காஸ் புக் நம்பர் தெரியும். ரேஷன் கார்டு எங்கே இருக்கிறது என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்லுவோம். பிள்ளைகளின் தடுப்பூசித் தேதி கூட மனப்பாடம். ஆனால் வீட்டு வரி? "அதெல்லாம் அவர் பார்த்துக்குவார்" என்போம். போன வருஷம் வரை நானும் அப்படிச் சொன்னவள்தான். அதிலும் எங்கள் வீட்டில் 'அவர்' கூடப் பார்க்கவில்லை. பார்த்ததெல்லாம் என் மாமியார்.

எங்கள் வீடு கும்மிடிப்பூண்டியில். மாமனார் சிப்காட் தொழிற்சாலை ஒன்றில் வேலை கிடைத்து இந்த ஊருக்கு வந்தவர். 1983-ல் 3 சென்ட் மனை வாங்கி, இரண்டு வருஷம் வயிற்றைக் கட்டி வாயைக் கட்டி வீடு கட்டினார். 800 சதுர அடிதான். இரண்டு அறை, ஒரு கூடம், பின்னால் ஒரு முருங்கை மரம். நான் 2001-ல் மருமகளாக வந்தபோது மரம் ஓட்டுக்கு மேலே போயிருந்தது. மாமனார் 2009-ல் காலமானார். அதன் பிறகு வருஷத்தில் இரண்டு தரம், சித்திரை பிறந்ததும் ஒரு தரம், ஆயுத பூஜை கழிந்ததும் ஒரு தரம், அத்தை முந்தானையில் பணத்தை முடிந்துகொண்டு குடையும் கையுமாகக் கிளம்பி விடுவார். "எங்கே அத்தை?" என்றால், "வீட்டுக்குப் படி அளக்கப் போறேன்" என்பார். வரி கட்டுவதற்கு அவர் வைத்த பெயர் அது. நான் சிரித்துக்கொண்டே காபி கலந்து வைப்பேன். கூடப் போய்ப் பார்ப்போமே என்று ஒரு நாளும் தோன்றவில்லை.

2022 ஜனவரியில் அத்தை போய்ச் சேர்ந்தார். வீட்டுக்குப் படி அளப்பதும் அன்றோடு நின்றது.

கூரை ஒழுகியது, கதை தொடங்கியது

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்ததே, அதை நம் மாவட்டத்தில் மறந்தவர்கள் இருக்க மாட்டார்கள். எங்கள் கூடத்தில் முழங்கால் தண்ணீர். அது வடிந்துவிட்டது. ஆனால் மேல்தளத்தில் விழுந்த விரிசல் வடியவில்லை. அடுத்த மழைக்குள் தளத்தைச் சரி பண்ணாவிட்டால் பிள்ளைகளை அங்கே படுக்க வைக்க முடியாது என்று மேஸ்திரி சொல்லிவிட்டார். இவர் ஒரு வங்கியில் கடன் கேட்டார். அவர்கள் கேட்டவை மூன்று: பத்திரம், பட்டா, நடப்பு ஆண்டு வீட்டு வரி ரசீது.

பத்திரம் பீரோவில் இருந்தது. பட்டாவும் இருந்தது. இரண்டும் மாமனார் பெயரில். ரசீது? இவர் என்னைப் பார்த்தார். நான் இவரைப் பார்த்தேன்.

"நீ கட்டலையா?"

"நீங்க கட்டலையா?"

நடுவில் ஒரு முறை வரிக் கேட்புச் சீட்டு வந்தது எனக்கு ஞாபகம் வந்தது. நான்தான் அதை வாங்கி, இவர் வந்ததும் காட்டலாம் என்று காலண்டருக்குப் பின்னால் செருகினேன். காட்ட மறந்துபோனேன். புயல் தண்ணீரில் நனைந்த காகிதக் குப்பையோடு அதையும் அள்ளிக் கொட்டியிருக்கிறேன். யாரைக் குறை சொல்ல? தப்பு என்னுடையது.

வேறொருவர் வரியைக் கட்டப் பார்த்தோம்!

"இதுக்குப் போய் ஏம்மா கவலைப்படறே, எல்லாம் போன்லயே இருக்கு" என்றாள் சின்னவள். பிளஸ் ஒன் படிக்கிறாள். மாவட்டம் திருவள்ளூர், ஒன்றியம் கும்மிடிப்பூண்டி என்று தட்டினாள். பக்கத்து ஊராட்சி ஒன்றில் தாத்தா பெயரைப் போட்டுத் தேடினாள். வந்துவிட்டது! அதே பெயர், அதே இனிஷியல். பாக்கித் தொகையும் சிறியது. எனக்கு ஒரே சந்தோஷம். "கட்டிடுடீ" என்றேன்.

நல்ல வேளை, பெரியவள் எட்டிப் பார்த்தாள். "அம்மா, தாத்தாவோட அப்பா பேர் இது இல்லையே?" என்றாள். தெருப் பெயரும் வேறு. இன்னும் ஒரு நிமிஷம் போயிருந்தால் முன்பின் தெரியாத ஒரு புண்ணியவானின் வரியை நாங்கள் கட்டியிருப்போம். எங்கள் பாக்கி அப்படியே இருந்திருக்கும்.

எதிர்வீட்டு அக்காதான் விஷயத்தை உடைத்தார். "உங்க தெரு பேரூராட்சி ஆச்சே! ஊராட்சியில தேடினா எப்படிக் கிடைக்கும்?"

இதை நீங்கள் நன்றாகக் கவனிக்க வேண்டும். தபால் விலாசத்தில் 'கும்மிடிப்பூண்டி' என்று இருப்பதால் எல்லாரும் ஒரே அலுவலகத்தில் வரி கட்டுவதில்லை. கும்மிடிப்பூண்டி பேரூராட்சி தனி. ஒட்டினாற்போல் இருக்கும் புதுகும்மிடிப்பூண்டி கிராம ஊராட்சி தனி. நடந்து போகிற தூரம்தான், ஆனால் கணக்குப் புத்தகம் வேறு. தமிழ்நாட்டில் மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி என்று மூன்று வகை நகர அமைப்புகள். அவை போக 12,000-க்கும் மேற்பட்ட கிராம ஊராட்சிகள். நம் வீடு எதன் எல்லைக்குள் இருக்கிறதோ அங்கேதான் வரி. எல்லையும் மாறிக்கொண்டே இருக்கும். நம் மாவட்டத்தையே பாருங்கள். ஆவடி 2019-ல் மாநகராட்சி ஆயிற்று. பொன்னேரியும் திருநின்றவூரும் பேரூராட்சியாக இருந்து 2021-ல் நகராட்சி ஆயின. ஆகவே பத்து வருஷத்துக்கு முந்தைய ரசீதின் தலைப்பில் இருக்கும் பெயரை மட்டும் நம்பிப் போகக்கூடாது.

பக்கத்து வீட்டு ரசீது செய்த உதவி

மறுநாள் பேரூராட்சி அலுவலகத்துக்குப் போனேன். நான் தனியாகத்தான் போனேன். இவருக்கு முதல் ஷிப்ட். உள்ளே நுழையும்போது கை ஜில்லிட்டுப் போயிருந்தது. அலுவலகம் என்றாலே நமக்கெல்லாம் ஒரு பயம் இருக்கிறதே!

"வரி விதிப்பு எண் இருக்காம்மா?" என்று கேட்டார் அங்கிருந்தவர்.

"இல்லைங்க. மாமனார் பேர் தெரியும்."

அந்தப் பெயரில் நாலைந்து பேர் இருந்தார்கள். சிலருக்கு இனிஷியலே இல்லை. அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "பக்கத்து வீட்டுக்காரங்க ரசீது ஒண்ணு கொண்டு வாங்களேன். தெரு வாரியா வரிசையாத்தான் இருக்கும், பார்த்துடலாம்" என்றார். ஓட்டமாய் வீட்டுக்கு வந்து எதிர்வீட்டு அக்காவின் ரசீதை வாங்கிக்கொண்டு போனேன். அக்கா எண்ணிலிருந்து முன்னும் பின்னும் பார்த்து, கதவு எண்ணை ஒப்பிட்டு, ஐந்தே நிமிஷத்தில் எடுத்துக் கொடுத்துவிட்டார். மாமனார் பெயரில் ஓர் எழுத்து மாறி ஏறியிருந்தது. அதனால்தான் பெயரைச் சரியாகத் தட்டித் தேடினாலும் கண்ணில் படவில்லை போலும்.

ஐந்து அரையாண்டு பாக்கி. நகரப் பகுதிகளில் சொத்து வரியை அரையாண்டுக் கணக்கில்தான் போடுகிறார்கள். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஒன்று, அக்டோபர் முதல் மார்ச் வரை இன்னொன்று. அத்தை கடைசியாகக் கட்டியது 2021 அக்டோபரில். அப்போது அரையாண்டுக்கு 420 ரூபாய். இப்போது 630 என்றார்கள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"எப்படிங்க?" என்றேன்.

விவரமாகச் சொன்னார். 2022 ஏப்ரலில் தமிழ்நாடு முழுவதும் நகரப் பகுதிகளில் சொத்து வரியை உயர்த்தினார்கள். எங்கள் ஊர் போன்ற பேரூராட்சிகளிலும், நகராட்சிகளிலும், சென்னை தவிர்த்த மாநகராட்சிகளிலும் 600 சதுர அடிக்கு உட்பட்ட வீட்டுக்கு 25 சதவீதம், 600 முதல் 1,200 வரை 50 சதவீதம், 1,201 முதல் 1,800 வரை 75 சதவீதம், அதற்கு மேலே 100 சதவீதம் என்று உயர்வு. எங்கள் வீடு 800 சதுர அடி. ஆகவே 420-ல் பாதி 210 சேர்ந்து 630. ஐந்து அரையாண்டுக்கு 3,150 ரூபாய். தாமதத்துக்கு உண்டானது தனி.

உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தபோது வெட்கமாக இருந்தது. ஒரு மாதத்துக்கு 105 ரூபாய்! பூவுக்கு அதைவிட அதிகம் கொடுக்கிறேன். அதுவும் அரையாண்டு தொடங்கிய 30 நாளுக்குள் கட்டினால் நகரப் பகுதிகளில் 5 சதவீதம் தள்ளுபடி உண்டு, ஊக்கத்தொகை என்கிறார்கள். அதிகபட்சம் 5,000 ரூபாய் வரை. எங்கள் வீட்டுக்கு முப்பத்தொன்றரை ரூபாய் மிச்சம். சின்னத் தொகைதான், ஆனால் இரண்டு கட்டுக் கீரை ஆயிற்றே! அதாவது ஏப்ரல் 30-க்குள்ளும் அக்டோபர் மாதத்துக் கடைசிக்குள்ளும் கட்டிவிட்டால் லாபம். அத்தை சித்திரை பிறந்ததும் குடையெடுத்துக் கிளம்பியது எவ்வளவு கெட்டிக்காரத்தனம்!

அந்த வரிக்குள் ஒரு பங்கு நூலகத்துக்குப் போகிறது என்பதும் அன்றுதான் தெரிந்தது. 1948-ல் நம் மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் வந்தது. இந்தியாவிலேயே பொது நூலகத்துக்கென்று ஒரு மாகாணம் இப்படிச் சட்டம் செய்ததில் நாம்தான் முன்னோடி. வீட்டு வரியில் ரூபாய்க்கு 10 பைசா நூலக வரி. சின்னவள் கிளை நூலகத்தில் உட்கார்ந்து படிக்கிறாளே, அந்த நாற்காலியில் எங்கள் காசும் கொஞ்சம் இருக்கிறது என்று நினைத்தபோது வரி கொடுப்பது அத்தனை கசக்கவில்லை.

பெயர் மாற்றம் என்றதும் வந்த சங்கடம்

பணத்தைக் கட்டியாயிற்று. ரசீதும் வந்தாயிற்று. வங்கியில் கொண்டு போய்க் கொடுத்தால், "ரசீது இறந்து போனவர் பேர்ல இருக்கே. வாரிசுங்க பேருக்கு மாத்திட்டு வாங்க" என்றார்கள்.

இங்கேதான் நான் மனம் விட்டு ஓர் உண்மையைச் சொல்ல வேண்டும்.

மாமனாருக்கு மூன்று பிள்ளைகள். மூத்தவர் என் நாத்தனார். கல்யாணமாகித் திருவள்ளூரில் இருக்கிறார். அடுத்தது இவர். கடைசியாக என் கொழுந்தன். வேலையாக ஓசூரில் குடியிருக்கிறார். பெயர் மாற்றத்துக்கு இறப்புச் சான்று, வாரிசுச் சான்று எல்லாம் வேண்டும். தாசில்தார் அலுவலகத்தில் தருகிற வாரிசுச் சான்றுக்கு இ-சேவை மையத்தில் மனு எழுதும்போது, என் வாயிலிருந்தே ஒரு வார்த்தை வந்துவிட்டது.

"அண்ணி பேர் எதுக்கு? அவங்களுக்குத்தான் அப்பவே நகை போட்டு, சீர் செஞ்சு அனுப்பியாச்சே."

இவர் ஒன்றும் பேசவில்லை. பக்கத்தில் நின்றிருந்த பெரியவள்தான் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "அப்போ நாளைக்கு எங்களுக்கும் அப்படித்தானா அம்மா?"

அந்தக் கேள்வி என்னைச் சுட்டது. நான் இரண்டு பெண்களைப் பெற்றவள். என் பெண்களுக்கு ஒரு நியாயம், என் மாமியார் பெற்ற பெண்ணுக்கு ஒரு நியாயமா?

சட்டத்தைக் கேட்டால் அதில் சந்தேகத்துக்கே இடமில்லை. தகப்பனார் சுயமாகச் சம்பாதித்து வாங்கிய சொத்து. அவர் உயில் எழுதாமல் போய்விட்டால், மனைவி, மகன், மகள் எல்லாருக்கும் சமபங்கு. இது 1956-ஆம் வருஷத்து இந்து வாரிசுரிமைச் சட்டத்திலேயே இருக்கிறது. பூர்விகச் சொத்தில் மகளுக்கும் மகனைப் போலவே உரிமை என்று தமிழ்நாட்டில் 1989-ல், அப்போது கல்யாணமாகாத பெண்களுக்குச் சட்டம் வந்தது. 2005-ல் நாடு முழுவதும் வந்தது. சீர் செய்ததற்கும் பங்குக்கும் சம்பந்தமே இல்லை. வாரிசுச் சான்றில் ஒரு மகளை மறைத்து எழுதினால் அது பொய்ச் சான்று. பின்னால் கோர்ட்டு, கேஸ் என்று அலைய வேண்டியதுதான்.

மூன்று பெயரையும் எழுதச் சொன்னேன்.

ஆனால் விஷயம் அதோடு முடியவில்லை. கொழுந்தனுக்குப் போன் செய்து, பெயர் மாற்றத்துக்குக் கையெழுத்து வேண்டும் என்று சொன்னதும் மறுமுனையில் மௌனம். பிறகு, "என்ன அண்ணி, சத்தமில்லாம வீட்டையே எழுதிக்கிறீங்களா?" என்றார். சிரித்துக்கொண்டுதான் கேட்டார். ஆனாலும் அந்தச் சிரிப்பில் சிரிப்பு இல்லை. இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. இத்தனை வருஷம் அத்தையையும் மாமாவையும் பார்த்துக்கொண்டதற்கு இதுதானா பேச்சு என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது.

வீரராகவர் சந்நிதியில்

ஆடி அமாவாசைக்கு நாங்கள் திருவள்ளூர் போனோம். கும்மிடிப்பூண்டியிலிருந்து நம் மாவட்டத் தலைநகருக்கு ரயிலில் போவதென்றால் சென்னை வரை போய் வண்டி மாற வேண்டும்; வடக்குப் பாதை வேறு, மேற்குப் பாதை வேறு. வீரராகவ பெருமாள் கோயிலில் அமாவாசைக் கூட்டம் நெரிந்தது. வேண்டிக்கொண்டவர்களெல்லாம் குளத்தில் வெல்லம் கரைத்துக்கொண்டிருந்தார்கள். வெல்லம் கரைவது போல வினையும் கரையும் என்பது நம்பிக்கை. கொழுந்தனையும் அங்கேயே வரச் சொல்லியிருந்தோம்.

தரிசனம் முடிந்து நாத்தனார் வீட்டுக்குப் போய் உட்கார்ந்தோம். நான் கையோடு கொண்டு போயிருந்த வாரிசுச் சான்றை எடுத்து அண்ணி கையில் கொடுத்தேன். அதில் முதல் பெயர் அவருடையது. அண்ணி அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "எம் பேரையும் போட்டியா?" என்று கேட்டபோது அவர் குரல் கம்மிப்போயிருந்தது. "நீ போடமாட்டேன்னு நெனச்சேன். போடலைன்னாலும் நான் கேட்டிருக்க மாட்டேன்."

எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. முதலில் போடவேண்டாம் என்று சொன்னவளே நான்தான் என்பதை அங்கேயே சொல்லிவிட்டேன். மறைத்து வைக்க மனசு வரவில்லை. அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டார்; திட்டவில்லை.

கொழுந்தனிடம் இவர் நிதானமாக எடுத்துச் சொன்னார். "டேய், வரி ரசீதுல பேர் ஏறினா வீடு எனக்குன்னு ஆயிடாது. வரி கட்டுற கணக்கு அது, அவ்வளவுதான். மூணு பேர் பேரும் சேர்த்துத்தான் போடச் சொல்லியிருக்கு, பார்."

சகோதரிகளே, இதையும் நன்றாக மனசில் வையுங்கள். வீட்டு வரி ரசீது சொத்துக்கு உரிமைப் பத்திரம் ஆகாது. 'இத்தனை வருஷமாக வரி கட்டினேன், ஆகவே வீடு என்னுடையது' என்று யாராவது சொன்னால் அதை மட்டும் வைத்துக் கோர்ட்டு ஒத்துக்கொள்ளாது. பத்திரமும் வாரிசுரிமையும்தான் பேசும். அதே மாதிரி, உங்கள் பெயர் ரசீதில் இல்லை என்பதால் உங்கள் பங்கு போய்விடவும் செய்யாது. ஆனால் கடன், மின் இணைப்பு, விற்பனை என்று எதற்குப் போனாலும் ரசீதைத்தான் முதலில் கேட்கிறார்கள். அது சரியாக இருந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

அன்று மத்தியானம் மூன்று பேரும் ஒரே இலைக்கட்டில் சாப்பிட உட்கார்ந்தார்கள். கையெழுத்து அதற்கு முன்பே ஆகிவிட்டது. வங்கிக்கும் மூன்று பேரும் வந்து கையெழுத்துப் போட்டார்கள்.

என் அம்மா வீட்டுக் கதை

கிராமத்தில் இருக்கும் சகோதரிகளுக்காக இதைச் சொல்கிறேன். என் அம்மா கவரைப்பேட்டை பக்கம் ஒரு கிராமத்தில் இருக்கிறார். அங்கே கிராம ஊராட்சிதான் வீட்டு வரி வாங்குகிறது. முன்பெல்லாம் ஊராட்சிச் செயலர் கையால் எழுதி ரசீது கிழித்துக் கொடுப்பார். 2023-ல் எல்லாக் கிராம ஊராட்சிகளுக்கும் இணையம் வழியாக வரி கட்டும் வசதி வந்தது. வீட்டு வரி, குடிநீர்க் கட்டணம், தொழில் வரி எல்லாம் அதில் கட்டலாம். போன் பிடிக்கத் தெரியாத அம்மா மாதிரிப் பெரியவர்கள் ஊராட்சி அலுவலகத்துக்கே போய்க் கட்டி அச்சடித்த ரசீது வாங்கிக்கொள்ளலாம். ஒன்று மட்டும் சொல்வேன்: ரசீது வாங்காமல் யார் கையிலும் பணம் கொடுக்காதீர்கள். "நான் கட்டிடறேன் பாட்டி" என்று எவ்வளவு தெரிந்த பையன் சொன்னாலும் சரி.

வேறோர் ஊரில் இருக்கும் என் தங்கைக்கு நடந்தது இது. பழைய கணக்கைக் கம்ப்யூட்டரில் ஏற்றும்போது அவள் என்றோ கட்டிய ஓர் அரையாண்டு விட்டுப்போய், பாக்கி என்று காட்டியிருக்கிறது. அவள் பழைய ரசீதைக் கொண்டுபோய்க் காட்டினாள். உடனே சரி செய்துவிட்டார்கள். ரசீது இல்லாவிட்டால்? மறுபடியும் கட்டியிருப்பாள்.

என் சித்தி பெண் அமெரிக்காவில் டெக்சாஸ் மாகாணத்தில் இருக்கிறாள். அங்கே கவுண்டி என்று நம் மாவட்டம் போல ஒன்று. அதில்தான் வீட்டு வரிக் கணக்கு. ஜனவரி 31-க்குள் கட்டிவிட வேண்டும். வீட்டுக் கடன் வாங்கியிருந்தால் பல பேருக்கு வங்கியே மாதத் தவணையோடு வரிக்கும் பிடித்து வைத்துக் கட்டிவிடுமாம். "நீங்க கட்ற வரியைக் கேட்டா இங்க இருக்கிறவங்க சிரிப்பாங்க அக்கா, அவ்வளவு குறைச்சல்" என்றாள். எங்கே போனாலும் வீடு என்று ஒன்று இருந்தால் வரி என்று ஒன்று இருக்கிறது.

குறித்துக்கொள்ளுங்கள்

1. உங்கள் வீடு மாநகராட்சியா, நகராட்சியா, பேரூராட்சியா, கிராம ஊராட்சியா என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். விலாசத்தை வைத்து ஊகிக்காதீர்கள். பக்கத்து வீட்டு ரசீதின் தலைப்பைப் பாருங்கள்.

2. வரி விதிப்பு எண், மின் இணைப்பு எண், பத்திர எண், பட்டா எண் இந்த நான்கையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். வீட்டில் இருவருக்காவது அந்த நோட்டு எங்கே இருக்கிறதென்று தெரிந்திருக்கட்டும்.

3. இணையத்தில் பெயரை மட்டும் பார்த்துப் பணம் கட்டாதீர்கள். தகப்பனார் அல்லது கணவர் பெயர், தெரு, கதவு எண் மூன்றும் பொருந்த வேண்டும். கட்டியதும் ரசீதை அச்செடுத்துக்கொள்ளுங்கள்.

4. கணக்கில் உங்கள் வீட்டுப் போன் நம்பர்தான் இருக்கிறதா என்று கேளுங்கள். பழைய நம்பர் இருந்தால் மாற்றச் சொல்லுங்கள்.

5. ரசீதில் பெயர் பிழை, சதுர அடியில் பிழை இருந்தால் எழுத்து மூலம் மனுக் கொடுத்து, கொடுத்ததற்கு அத்தாட்சி வாங்குங்கள். மாடி எடுத்தாலோ அறை சேர்த்தாலோ நாமே போய்த் தெரிவித்துவிடுவது நல்லது.

6. காலிமனைக்கும் நகரப் பகுதிகளில் வரி உண்டு. வீடு கட்டியதும் காலிமனை வரியைக் கட்டட வரியாக மாற்ற வேண்டும்.

7. பழைய வீடு வாங்குகிறவர்கள் கடைசி ரசீதைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். பாக்கி ஆளோடு போகாது; வீட்டோடு வரும்.

8. வீட்டில் பெரியவர் காலமானால், துக்கம் ஆறியதும் இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, வரியில் பெயர் மாற்றம், பட்டா மாற்றம் என்று வரிசையாகச் செய்துவிடுங்கள். தள்ளிப்போட்டால் வாரிசுகள் பெருகும், கையெழுத்தும் பெருகும்.

9. வாரிசுச் சான்றில் மகள்கள் பெயரை விடாதீர்கள். விடவும் விடாதீர்கள்!

பரண்மேல் கிடைத்தது

தளத்துக்குப் பூச்சு போடுவதற்கு முன் பரணைக் காலி செய்தோம். பித்தளை அண்டாவுக்குப் பின்னால், ஆணியில் ஒரு கொக்கிக் கம்பி தொங்கிக்கொண்டிருந்தது. அதில் அத்தை கோர்த்து வைத்திருந்த வீட்டு வரி ரசீதுகள்! 1985-லிருந்து 2021 வரை, ஒன்று விடாமல். அடியில் இருந்தவை பழுப்பேறி, தொட்டால் உதிரும் போல. "அம்மா, இது வேற ஊரு ரசீது போல. செங்கல்பட்டு மாவட்டம்னு போட்டிருக்கு" என்றாள் சின்னவள். இல்லையடி கண்ணே, நம் ஊர்தான். 1997-ல்தான் திருவள்ளூர் தனி மாவட்டம் ஆயிற்று. அதற்கு முன் நாமெல்லாம் செங்கல்பட்டுக்காரர்கள் என்றேன்.

புயல் தண்ணீர் எட்டாத உயரத்தில், ஒன்றாம் வகுப்புகூடப் படிக்காத ஒரு பெண் முப்பத்தாறு வருஷக் கணக்கை ஒரு கம்பியில் பத்திரப்படுத்தியிருந்தார். பத்தாவது படித்த நான் ஒரே ஒரு சீட்டைக் காலண்டருக்குப் பின்னால் செருகித் தொலைத்தேன்.

அக்டோபர் முதல் வாரமே போய்ப் புது அரையாண்டு வரியைக் கட்டிவிட்டு வந்தேன். தள்ளுபடியும் கிடைத்தது. இரண்டு பெண்களையும் கூட அழைத்துப் போனேன். எந்த ஜன்னலில் என்ன கேட்க வேண்டும் என்று அவர்களும் தெரிந்துகொள்ளட்டும். ரசீதில் மூன்று பெயர், முதலில் அண்ணியின் பெயர். வீட்டுக்கு வந்ததும் ஓரத்தில் ஒரு துளை போட்டு, அத்தையின் கம்பியில் மேலாகக் கோர்த்தேன்.

அன்று ராத்திரி நல்ல மழை. கூடத்தில் பாத்திரம் எதுவும் வைக்காமல் எல்லாரும் படுத்துத் தூங்கினோம்.